அரைக்கை ரவிக்கை

"கையை நீட்டு."

அதிதி நீட்டினாள். ருக்கு மகளின் மணிக்கட்டைப் பிடித்து, சமையலறை டியூப்லைட்டுக்குக் கீழே இழுத்து, கடையில் வெண்டைக்காய் பொறுக்குகிறவள் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முப்பத்தோரு வருடமாக அந்தக் கை அவள் எதிரில்தான் இருக்கிறது. அம்மாவுக்கு ஜுரம் வந்தால் கஞ்சி வைக்கிற கை. அதில் முடி இருக்கிறது என்பது இந்த ஞாயிற்றுக்கிழமை காலைதான் அவள் கண்ணில் பட்டது.

"அடி பாவி, இதென்னடி இவ்வளவு! அப்படியே உங்கப்பா வம்சம்."

"அப்பா கையைப் பார்க்க யாரும் வரலையேம்மா."

"வாயாடாதே. நாலு மணிக்கு அவா வந்துடுவா."

அவா என்றால் மல்லேஸ்வரத்து மங்களம் மாமியும் அவர் பிள்ளை ஸ்ரீஹர்ஷாவும். பெண் பார்க்க வருகிறார்கள். நேற்று சாயங்காலம் மாமி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். ருக்கு அதைப் பதினாறு தடவை கேட்டுவிட்டாள்.

"ருக்கு, ஜாதகம் எல்லாம் ஆயிது. ஒரே ஒரு சின்ன விஷயம். நீங்கோ அனுப்பின ஆறு போட்டோலயும் குழந்தை முழுக்கைதான் போட்டுண்டிருக்கா. நாளைக்கு அரைக்கை ரவிக்கை போட்டுக்கச் சொல்லுங்கோ. சும்மா பார்க்கத்தான். தப்பா நெனச்சுக்காதேங்கோ, நாங்க ரொம்ப பிராட்மைண்டட்."

பிள்ளை வீட்டார் தங்களைப் பிராட்மைண்டட் என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தால் பெண் வீட்டார் வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ருக்கு பிடித்துக்கொண்டாள். இது பதினோராவது வரன்.

அதிதி ஒன்றும் அசடு இல்லை. பெங்களூர் வெளிவட்டச் சாலையில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் பதினான்கு பேர் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வேலை பார்க்கிறார்கள். முதல் பத்து வரன்களில் எவனாவது அரைக்கை கேட்டிருந்தால் போனை வாங்கி நாலு வார்த்தை விட்டிருப்பாள். ஆனால் இந்த ஸ்ரீஹர்ஷாவோடு மூன்று வாரமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். அவன் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறான். இவள் ஆபீஸில் நடந்ததைச் சொன்னால் நடுவில் அறிவுரை சொல்லாமல் கேட்கிறான். "உன் சிரிப்பு போன்லயே தெரியறது" என்று ஒரு நாள் சொன்னான், அன்றைக்கு அவளுக்கு ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை. அவனைப் பிடித்துப்போய்விட்டது. அதனால்தான் அம்மா நீட்டு என்றதும் கையை நீட்டினாள். இந்த வரன் தட்டிப்போகக் கூடாது என்று அவளே, யாரும் கேட்காமல், மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

பார்லர் வேக்ஸ் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. போன வருடம் சிநேகிதி கல்யாணத்துக்குப் போட்டு ஒரு வாரம் கை முழுக்கத் தடித்துக் கிடந்தது. எனவே மாதாமாதம் அதிதிக்குப் புருவம் திருத்த வருகிற ஜோசஃபின் மர்பி டவுனிலிருந்து வரவழைக்கப்பட்டாள். இருபது வருடம் பார்லர்களில் நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்டபின், இப்போது வீடு வீடாகப் போய்ச் சர்க்கரைப் பாகில் முடியெடுக்கிறாள். சர்க்கரை, எலுமிச்சம்பழம், தண்ணீர், அவ்வளவுதான். கருகவிடாமல், தேன் நிறத்தில் இறக்கி, ஆறவிட்டு, உருட்டி, முடி மேல் தேய்த்து, சுண்டி இழுத்தால் வந்துவிடும்.

சிக்கல் ஒன்றுதான். பாகை அடுப்பில்தான் காய்ச்ச வேண்டும். அடுப்பு சமையலறையில் இருக்கிறது. ஜோசஃபின் சமையலறைக்குள் வரக் கூடாது.

இதை ஜாதி பார்ப்பது என்று யாராவது சொன்னால் அதிதியின் அப்பா வெங்கடகிருஷ்ணனுக்கு மகா கோபம் வரும். கர்நாடகத் தலைமைச் செயலகமான விதான சௌதாவில் முப்பத்து நான்கு வருடம் எல்லா ஜாதியாரோடும் ஒரே மேஜையில் ஃபைல் பார்த்தவர் அவர். அவர் பார்ப்பது ஆசாரம். ஜோசஃபினிடம் யாரும் வராதே என்று சொன்னதும் கிடையாது. முதல் நாளே ருக்கு சிரித்த முகமாக, "முன்னாடி செருப்பு விட எடமில்லம்மா, சைடு சந்து வழியா வந்துடு" என்றாள். அன்றிலிருந்து ஜோசஃபினுக்கு அந்த வீடு என்றால் சந்து, துணி துவைக்கிற பின்பக்கத்து யுடிலிட்டி, வாஷிங்மெஷின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதற்கு மேலே சுவர்த் திண்டில் கவிழ்த்து வைத்த ஒரு எவர்சில்வர் டம்ளர். டம்ளர் வீட்டிலிருக்கிற மற்ற டம்ளர்களோடு ஒரே செட்டில் வாங்கியதுதான். கவிழ்த்து வைத்த இடம்தான் வேறு.

எனவே ஜோசஃபின் யுடிலிட்டியில் உட்கார்ந்து கம்பிக்கதவு வழியாகக் குரல் கொடுக்க, ருக்கு உள்ளே கிண்டினாள்.

"இன்னாம்மா, கலர் மாறிச்சா?"

"மாறறது மாறறது."

"எந்த மாதிரி? நான் ஒரு தபா பாக்கணுமே."

கதவைத் திறந்தால் தீர்ந்தது. ருக்கு அதைச் செய்யவில்லை. போனை எடுத்துப் பாகைப் படம் பிடித்து, ஆறடி தூரத்தில் இருக்கிற ஜோசஃபினுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினாள். ஜோசஃபின் அதைப் பெரிதாக்கிப் பார்த்து ஒரு கட்டைவிரல் அனுப்பினாள். இப்படி நாலு படம் போய் நாலு கட்டைவிரல் வந்தது. ஊரெல்லாம் பெங்களூரைப் பார்த்து வாயைப் பிளக்கிறது என்றால் சும்மாவா?

பாகு அருமையாக வந்தது. எவர்சில்வர் கிண்ணத்தில் கொட்டி மேடையில் ஆறவைத்துவிட்டு ருக்கு பட்டுப்புடவைக்கு இஸ்திரி போடப் போனாள். போகும்போது ஒரு காரியம் செய்தாள். நாற்பது வருடக் கை அது. சர்க்கரைப் பாகு இறங்கினால் அந்தக் கை தானாக ஏலக்காய் டப்பாவுக்குப் போகும். போயிற்று.

பதினொன்றரைக்கு வெங்கடகிருஷ்ணன் பூஜையை முடிக்கிற கட்டத்தில் சமையலறைக்குள் வந்தார். பெருமாளுக்கு ஏதாவது தித்திப்பு வேண்டும். மேடையில் தங்க நிறத்தில், ஏலக்காய் மணக்க, என்னமோ இருந்தது. எடுத்துப்போய் அதன் மேல் ஒரு துளசி இலையைப் போட்டு, கண்ணை மூடி, மணியை ஆட்டினார்.

மணிச் சத்தம் கேட்டு ருக்கு ஓடிவந்தாள். "ஏன்னா! என்ன காரியம் பண்ணிட்டேள்!"

"கண்டருளப் பண்ணியாச்சு. என்னடி இது, அல்வாவா?"

"அது கை முடி எடுக்கறதுக்குன்னா!"

வெங்கடகிருஷ்ணன் பெருமாளைப் பார்த்தார். பெருமாள் எப்போதும்போல இருந்தார். இப்படிப்பட்ட நேரங்களில்தான் அவருக்குள் இருந்த பழைய அதிகாரி விழித்துக்கொள்வார். இரண்டு நிமிடம் யோசித்து உத்தரவு போட்டார்.

"இனிமே இது பிரசாதம். கையில கால்ல தடவப்பிடாது. கொட்டவும் பிடாது. விநியோகம் பண்ணிடணும்."

"மணி பன்னெண்டு ஆகப்போறது!"

"வேற காய்ச்சு."

முதல் பங்கை அவரே வாயில் போட்டுக்கொண்டார். மேல் வரிசைப் பல்லும் கீழ் வரிசைப் பல்லும் கெட்டியாக ஒட்டிக்கொண்டதில் கால் மணி நேரத்துக்கு வீட்டில் உத்தரவு ஏதும் பிறக்கவில்லை. ருக்கு யுடிலிட்டிக்கு வந்து, ஜோசஃபின் உள்ளங்கைக்கு ஒரு சாண் உயரத்திலிருந்து ஒரு துண்டைப் போட்டாள். பாகு கை விட்டு விழுவேனா என்றது. உதறிப் போட வேண்டியிருந்தது.

ஜோசஃபின் அதை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏலக்கா போட்டீங்களாம்மா?" என்றாள். "இருபத்தஞ்சு வருசமா இந்த வேலை பாக்குறேன். முடிக்கு யாரும் வாசனை போட்டதில்ல."

அதிதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதோடு சரி.

இரண்டாவது பாகு இறங்க ஒன்றரை மணி ஆனது. ஜோசஃபின் ஆறவைத்தே தீருவேன் என்றாள். இரண்டேகாலுக்கு வலது கையில் ஆரம்பித்து, பொறுமையாக, தோல் சிவக்காமல், மூன்று மணிக்குச் சுத்தமாக முடித்தாள். அதற்குள் மிச்சப் பாகு இறுகிவிட்டது.

"லேசா சூடு காட்டிக் குடுங்கம்மா. குடுத்ததும் தொடக் கூடாது, ஆறணும். நான் கை கழுவிட்டு வர்றேன்" என்று ஜோசஃபின் வெளிக் குழாய்க்குப் போனாள்.

சமையலறையில் ஒரு பக்கம் பஜ்ஜிக்கு எண்ணெய் காய்கிறது. கேசரி கிண்டி இறக்கியிருக்கிறது. இன்னொரு அடுப்பில் பாகு குமிழி விடுகிறது. மணி மூன்றேகால். தண்ணீர் குடிக்க உள்ளே வந்த அதிதியை ருக்கு பிடித்து நிறுத்தினாள்.

"காட்டு, நானே போட்டுடறேன். இதென்ன பெரிய வித்தையா?"

"அக்கா ஆறணும்னாளேம்மா."

"அவளுக்கென்ன, ஆறியாறி அஞ்சு மணி ஆக்குவா. நீட்டுடி!"

அதிதி நீட்டினாள். கரண்டியிலிருந்த பாகு இடது முன்கையில் விழுந்தது.

கொதிக்கிற சர்க்கரை தண்ணீர் மாதிரி வழிந்து போகாது. விழுந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிதி போட்ட அலறலில் தெருநாய் குரைத்தது. ருக்கு கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயோ, ஐயோ" என்று நின்ற இடத்திலேயே நின்றாள். கம்பிக்கதவு படாரென்று திறந்தது. ஜோசஃபின் ஈரக் கையோடு உள்ளே வந்து, அடுப்பைத் தாண்டி, கேசரியைத் தாண்டி, அதிதியை இழுத்துப் போய் சிங்க்கில் கையைக் குழாய்க்கு நேரே பிடித்தாள்.

"பிச்சி எடுக்காத கண்ணு, தோலு வந்துடும். தண்ணில கரையட்டும். எரியும், எரியட்டும். நான் புடிச்சிருக்கேன்."

இருபது நிமிடம் பிடித்திருந்தாள். மகளைப் பெற்றவள் அழுதுகொண்டிருந்தாள். மகளைப் பெற்றவர் சமையலறை வாசலில் நின்று முதலில் மகளின் கையைப் பார்த்தார், அப்புறம் ஜோசஃபினின் காலைப் பார்த்தார், அப்புறம் கேசரியைப் பார்த்தார்.

"ருக்கு, எல்லாம் போச்சே. அவா வர நேரம். இதையெல்லாம் எப்படிப் பரிமாறறது?"

"அப்பா," என்றாள் அதிதி பல்லைக் கடித்துக்கொண்டு, "என் கை வெந்துபோச்சுப்பா."

அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளங்கை அளவுக்குச் சிவந்து கொப்புளம் கிளம்பிய அந்தக் கைக்கு அவரிடம் ஒரு உத்தரவும் இல்லை, கேசரிக்கு இருந்தது. பஞ்சபாத்திரத்தை எடுத்துவந்து, மந்திரம் சொல்லி, அதன் மேல் தண்ணீர் தெளித்தார். சுத்தமாயிற்று.

"முழுக்கை போட்டுக்கோடி" என்றாள் ருக்கு.

"புண் மேல ரவிக்கைக் கை உரசக் கூடாதுன்னு அக்கா சொல்றா. அரைக்கைதானே கேட்டா? அரைக்கையே போட்டுக்கறேன். அவா போனதும் டாக்டர்கிட்ட போகணும், அக்கா என்கூட இருக்கட்டும். யுடிலிட்டியில இல்ல. ஹால்ல. இல்லைன்னா நான் வெளிய வரமாட்டேன்."

ஜோசஃபினுக்கே அது சங்கடம். "வேணாம் கண்ணு, நான் பின்னாடியே இருக்கேன்" என்று சொல்லிப் பார்த்தாள். அதிதி விடவில்லை. கடைசியில் ஹால் மூலையில் ஒரு நாற்காலியின் நுனியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நாலு மணிக்கு அவா வந்தார்கள். மங்களம் மாமி உட்கார்ந்த சோபாவுக்கு மேலே ஒரு பழைய புகைப்படம் மாட்டியிருந்தது. வெங்கடகிருஷ்ணனின் அப்பாவுக்கு அத்தை. பதினெட்டு வயதில் தாலி இழந்தவர். தலையில் முடி இல்லை, வெள்ளைப் புடவையை நெற்றிவரை இழுத்துப் போர்த்தியிருக்கிறார். அவருக்கு முடியெடுக்க வந்தவனும் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகவே போனான். அந்த நாளில் இந்தக் குடும்பத்தில் புருஷன் போனதற்கு முடியெடுத்தார்கள். இப்போது புருஷன் வருவதற்கு எடுக்கிறார்கள். முன்னேற்றமே இல்லை என்று யார் சொல்ல முடியும்?

ஸ்ரீஹர்ஷா சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தான். முழங்கையிலிருந்து விரல் கணுவரை கம்பளிப் போர்வை மாதிரி முடி. இரண்டு காதிலிருந்தும் கொத்தாக எட்டிப் பார்த்தது. அதை யாரும் டியூப்லைட்டுக்குக் கீழே இழுத்துப் பார்க்கவில்லை.

மாமி நாலு பஜ்ஜி சாப்பிட்டு முடித்து, கேசரியைக் கையில் எடுத்துக்கொண்டபோது அதிதி வந்து நமஸ்காரம் செய்தாள்.

"கிட்ட வாம்மா. வளையல் அளவு பார்க்கறேன்." மாமி வலது கையைப் பிடித்தார். புறங்கையால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். வளையலுக்கு முழங்கைவரை எதற்கு அளவு என்று யாரும் கேட்கவில்லை. "நன்னா இருக்கே! எங்கே, அந்தக் கை?"

இடது கையில் போட்டிருந்த ஈரத்துணியை அதிதி எடுத்தாள். நடுவில் சிவந்த புண். அதைச் சுற்றி, கீழேயும் மேலேயும், பிறந்ததிலிருந்து இருக்கிற முடி.

"அந்தக் கை உங்களுக்காக எடுத்தது மாமி. இந்தக் கை உங்களுக்காக எடுக்கப்போய் வெந்தது. மிச்சம் இருக்கறது என்னோடது."

சொல்லிவிட்டு அவள் ஸ்ரீஹர்ஷாவைத்தான் பார்த்தாள். 'வலிக்கிறதா?' என்று ஒரு வார்த்தை. அது போதும். மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

அவன் புண்ணைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். நிலைமையைச் சமாளிக்கிற உற்சாகத்தோடு, "அம்மா, இப்பல்லாம் லேசர்னு ஒண்ணு வந்திருக்கு. என் ஃபிரண்டோட வைஃப் பண்ணிண்டா. பர்மனென்ட்டா போயிடறது" என்றான்.

பாகு விழுந்தபோது வராத அழுகை அப்போதுதான் அதிதிக்கு வந்தது. மூன்று வாரமாகப் போனில் சிரித்தவன் இவன்தானா என்றிருந்தது. அழக் கூடாது என்று தலையைத் திருப்பியவள் கண்ணில் ஜோசஃபின் பட்டாள்.

மாமியும் அந்தப் பக்கம் திரும்பினார். "இவா யாரு?"

"ஜோசஃபின் அக்கா. சமையல் ரூமுக்குள்ள ஓடிவந்து இருபது நிமிஷம் என் கையைக் குழாய்ல பிடிச்சிருந்தா. இல்லைன்னா தோலே போயிருக்கும்."

மாமியின் கேசரி ஸ்பூன் வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. "சமையலுள்ளயா?"

"ஆமாம் மாமி. கேசரி பக்கத்துலதான்."

மாமி தட்டைக் கீழே வைத்தார். "எனக்கு சுகர் இருக்கு. மறந்தே போய்ட்டேன்."

அவர்கள் கிளம்பியதும் ஜோசஃபின் அதிதியை ஆட்டோவில் நாலாவது பிளாக் கிளினிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு அழைத்துவந்தாள். யுடிலிட்டியில் நின்றபடி தன் டம்ளரில் காபி குடித்தாள். "நாளைக்கும் கட்டு மாத்தணும் கண்ணு" என்று சொல்லிவிட்டுச் சந்து வழியாகப் போனாள்.

ஆறு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"ருக்கு, குழந்தையை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. முடி ஒரு விஷயமே இல்ல, லேசர் பண்ணிண்டா போயிடும். ஆனா கண்டவாளைச் சமையலுள்ள விடறது, கூட்டிண்டு வந்து ஹால்ல உக்கார வெக்கறது, இதெல்லாம் வேர்லேர்ந்து வர பழக்கம். அதுக்கு லேசர் கிடையாதே. நீங்களே யோசிச்சு ஒரு வழி சொல்லுங்கோ."

"பிராயச்சித்தம் பண்ணிட்டோம்னு சொல்லிடலாம்" என்றார் வெங்கடகிருஷ்ணன். "ஸ்வல்பம் தாழ்ந்து போனா தப்பில்ல."

ருக்கு மகளின் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கரண்டியைப் பிடித்தது மங்களம் மாமி இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அது அவளை அரித்துக்கொண்டிருந்தது. திடீரென்று போனை எடுத்து வாய்க்கு அருகில் வைத்துக்கொண்டாள்.

"மாமி, ரொம்ப சந்தோஷம். உங்க பிள்ளையை எங்களுக்கும் பிடிச்சிருக்கு. ஒரே ஒரு சின்ன விஷயம். காது ரெண்டுலயும் முடி ஜாஸ்தியா இருக்கு. அடுத்த தடவை சுத்தம் பண்ணிண்டு வரச் சொல்லுங்கோ. பாகு வேணும்னா நானே காய்ச்சி அனுப்பறேன், கொதிக்கக் கொதிக்க. தப்பா நெனச்சுக்காதேங்கோ, நாங்க ரொம்ப பிராட்மைண்டட்."

அனுப்பிவிட்டாள். வெங்கடகிருஷ்ணனின் வாய் மறுபடியும் ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவை பாகு காரணமில்லை.

"அம்மா!" என்று அதிதி அவளைக் கட்டிக்கொண்டாள். ருக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போடி, வேலை கிடக்கு" என்று எழுந்து போனாள். யுடிலிட்டியில் ஜோசஃபின் வைத்துவிட்டுப் போன டம்ளர் இருந்தது. ருக்கு ஒரு சாண் உயரத்திலிருந்து அதில் தண்ணீரை ஊற்றி அலசி, திண்டில் அதன் இடத்தில் கவிழ்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் செய்தாள். என்ன செய்கிறோம் என்று அவள் கவனிக்கக்கூட இல்லை.

அதிதி கவனித்தாள். காபி கலந்தாள். திண்டிலிருந்த டம்ளரை நிமிர்த்தி, அதில் ஊற்றிக்கொண்டு, ஹாலுக்கு வந்து அந்தப் புகைப்படத்துக்குக் கீழே உட்கார்ந்து குடித்தாள்.

"அது... அந்த டம்ளர் வந்து..." என்றார் வெங்கடகிருஷ்ணன்.

"தெரியும்பா."

நிதானமாகக் குடித்து முடித்து, சமையலறைக்குள் போய், டம்ளரை சிங்க்கில் மற்ற டம்ளர்களோடு போட்டு, வலது கையால் ஒருமுறை நன்றாகக் கலைத்துவிட்டு வந்தாள்.

ருக்கு சிங்க்கை எட்டிப் பார்த்தாள். ஒரே செட்டில் வாங்கிய ஐந்து எவர்சில்வர் டம்ளர்கள் அதில் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், டியூப்லைட்டுக்குக் கீழேகூடப் பிடித்துப் பார்த்தாள். எது ஜோசஃபினுடையது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.